ஒரே முகத்தில் இத்தனை வகைப் பருக்கள் ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 15 வயது மகளுக்கு நெற்றி முழுவதும் வலியோ சிவப்போ இல்லாமல், தோலின் நிறத்திலேயே பொரிப்பொரியாக இருக்கிறது, மூக்கில் கரும்புள்ளிகள், கன்னத்தில் அவ்வப்போது சீழ் கோக்கும் பருக்கள். 19 வயது மகனுக்கு முகம் ஓரளவு தெளிவாக இருந்தாலும் முதுகிலும் தோள்பட்டையிலும் தொட்டாலே வலிக்கும் கட்டிகள். இவை எல்லாம் ஒரே நோயா, இருவருக்கும் ஒரே மருந்து போதுமா, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல உடம்புச் சூடுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒரே நோய்தான். நாம் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைக்கும் பருக்களில் பல, ஒரே நிகழ்ச்சியின் வெவ்வேறு கட்டங்கள். ஒரு மயிர்க்கால் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதன் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, பக்கச் சுவர் உடைந்துவிட்டதா என்பவற்றைப் பொறுத்து வெளியே தெரியும் உருவம் மாறுகிறது. ஆனால் மருந்து கட்டத்துக்குக் கட்டம் வேறுபடும். அத்துடன், பருவைப் போலவே தோற்றமளித்து, பருவுக்கான மருந்தைப் போட்டால் மேலும் மோசமாகும் சில நோய்களும் இருக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கோடையில் கழுத்திலும் முதுகிலும் அரிப்போடு வரும் வேர்க்குரு, வியர்வை வெளியேறும் நாளம் அடைபடுவதால் வருவது. அதற்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் தொடர்பில்லை. வேனல் கட்டி அல்லது சூட்டுக் கட்டி என்று நாம் சொல்வது, பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா ஒரு மயிர்க்காலுக்குள் புகுந்து சீழ் பிடிக்கச் செய்வது, அது தொற்று. முகப்பரு இவ்விரண்டும் அல்ல. வெயில் காலத்தில் மூன்றும் ஒரே உடம்பில் தலைகாட்டுவதால் 'சூடு' என்ற ஒரே விளக்கம் மூன்றுக்கும் பொதுவாகிவிட்டது. வியர்வையும் புழுக்கமும் ஏற்கெனவே உள்ள பருவைச் சற்றே கிளறிவிடலாம் என்பது உண்மை. ஆனால் பருவைத் தொடங்கிவைப்பது அவை அல்ல.

தொடங்கிவைப்பது எது என்று அறிய, ஒரு மயிர்க்காலின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்குள் குறுகிய குழாய்போல இறங்கும் மயிர்க்காலின் அடியில் முடியின் வேரும், பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கின்றன. முகம், மார்பு, முதுகின் மேல்பகுதி ஆகிய இடங்களில் உள்ள மயிர்க்கால்கள் பலவற்றில் முடி பூனைமயிராகச் சிறுத்திருக்கும். சுரப்பியோ மிகப் பெரியதாக இருக்கும். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இத்தகைய சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை அறவே இல்லை. அங்கு யாருக்கும் பரு வருவதுமில்லை. இந்தச் சுரப்பி எண்ணெயைச் சுரக்கும் விதம் விசித்திரமானது: அதன் செல்கள் தமக்குள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, பிறகு தாமே உடைந்து சிதைந்து எண்ணெயாகி வெளியேறுகின்றன. சீபம் எனப்படும் இந்த எண்ணெய் டிரைகிளிசரைடு, மெழுகு, ஸ்குவாலீன் போன்ற கொழுப்புகளின் கலவை.

சீபத்தின் அளவைத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன்கள், அதாவது ஆண்களுக்குரியவை என்று அழைக்கப்பட்டாலும் பெண்களின் உடலிலும் சுரக்கும் ஹார்மோன்கள். ஏழெட்டு வயதிலேயே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி இவற்றுள் சிலவற்றைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது; பருவம் எய்துவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே சில சிறுமிகளின் மூக்கிலும் நெற்றியிலும் பொரிகள் தோன்றுவதற்கு அதுவே காரணம். பின்னர் டெஸ்டோஸ்டிரோன், எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளேயே டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிக்க வடிவமாக மாற்றப்பட்டு, சுரப்பியைப் பெருக்கவைக்கிறது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1941இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பருவம் அடைவதற்கு முன்பே விதைகளின் செயல்பாட்டை இழந்தவர்களுக்குப் பரு வருவதில்லை, அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது பரு தோன்றியது. இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் என் மகளுக்கு ஹார்மோன் அதிகமா?' என்று கவலைப்பட வேண்டாம். பருவுள்ள பெரும்பாலானோரின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருக்கும். அந்த இயல்பான அளவுக்கே அவர்களுடைய சுரப்பி கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. இந்த உணர்திறன் பெருமளவு பரம்பரையாக வருவது. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ இளமையில் கடுமையான பரு இருந்திருந்தால், பிள்ளைகளுக்கும் அவ்வாறு வர வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் மிகுதி மட்டும் பருவை உண்டாக்கிவிடாது. எண்ணெய் வழியும் முகத்தோடு ஒரு பருகூட இல்லாமல் இருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மயிர்க்காலின் உட்சுவரும் தோல்தான்; அங்கும் செல்கள் இறந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இயல்பான நிலையில் அவை தனித்தனியாக உதிர்ந்து, எண்ணெயோடு மிதந்து வெளியேறிவிடும். பரு வரும் தோலில் இச்செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கெரட்டின் என்னும் கடினப் புரதம் செறிந்த அடையாகக் குழாயின் மேற்பகுதியில் தங்கிவிடுகின்றன. வெளியேற வழியில்லாத எண்ணெய் அதன் பின்னால் தேங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு அடைப்பின் பெயர் மைக்ரோகாமெடோன். பருக்கள் எல்லாவற்றுக்கும் விதை இதுவே. இன்று காலை கண்ணாடியில் புதிதாகத் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே இப்படி உருவாகத் தொடங்கியது. நேற்று சாப்பிட்ட பஜ்ஜியை இன்றைய பருவுக்குக் குற்றவாளியாக்குவது இந்தக் கணக்கில் பொருந்தாது.

மைக்ரோகாமெடோன் பெரிதாகிக் கண்ணுக்குத் தெரியும்போது இரண்டு உருவங்களில் ஒன்றை எடுக்கிறது. மயிர்க்காலின் வாய் மூடியே இருந்து, தோலுக்கு அடியில் அடைப்பு உருண்டால், தோலின் நிறத்திலோ சற்று வெளுத்தோ ஒரு மில்லிமீட்டர் அளவில் மேடாகத் தெரியும். இது மூடிய காமெடோன்; வழக்கில் ஒயிட்ஹெட். (இதைத் தமிழில் 'வெண்புள்ளி' என்று எழுதுவோர் உண்டு. தோலின் நிறமிகள் அழிந்து வெள்ளைத் திட்டுகள் தோன்றும் முற்றிலும் வேறான நிலைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டதால், நான் அதைத் தவிர்க்கிறேன்.) உங்கள் மகளின் நெற்றியில் இருப்பவை பெரும்பாலும் இவையே. கன்னத்தை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் இவற்றின் உண்மையான எண்ணிக்கை தெரியும்.

மயிர்க்காலின் வாய் விரிந்து திறந்திருந்தால், அடைப்பின் தலைப்பகுதி காற்றில் பட்டுக் கருக்கிறது. இது திறந்த காமெடோன், அதாவது பிளாக்ஹெட். அந்தக் கருமை அழுக்கு அல்ல. அடைப்பிலுள்ள மெலனின் நிறமியும் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்த கொழுப்பும் சேர்ந்து தரும் நிறம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்க்ரப், நார், சொரசொரப்பான துணி என்று ஒரு நாளைக்கு நான்கு முறை தேய்ப்பவர்கள், கருமையையும் போக்காமல், சுற்றியுள்ள தோலையும் புண்ணாக்கி, மயிர்க்காலின் வாயை மேலும் தடிக்கச் செய்துவிடுகிறார்கள். மேலும், மூக்கில் தெரிவன எல்லாமே பிளாக்ஹெட் அல்ல. ஊசிமுனை அளவில், சாம்பல் நிறத்தில், சீராக வரிசைகட்டி இருப்பவை பெரும்பாலும் எண்ணெய் இழைகள். எண்ணெய் வெளியேறும் பாதையில் இயல்பாகவே இருக்க வேண்டியவை. அழுத்தினால் மெல்லிய நூல்போல வெளியே வந்து, சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும். மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டைகளில் வந்து சேர்பவற்றில் இவையே அதிகம். அவற்றைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. சிகிச்சை என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இந்த இரண்டில் பார்வைக்கு உறுத்துவது பிளாக்ஹெட். பிற்பாடு தொல்லை தருவது ஒயிட்ஹெட். திறந்த வாயுள்ள காமெடோன் தன் பொருளை மெல்ல வெளித்தள்ள வழியிருக்கிறது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் அது சிவந்து வீங்குவது குறைவு. மூடிய காமெடோனில் அழுத்தம் உள்நோக்கியே கூடுகிறது. கன்னத்தில் நீங்கள் பார்க்கும் சிவந்த பருக்கள் அங்கிருந்து பிறப்பவை.

எப்படிச் சிவக்கிறது என்பதில் ஒரு பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. நீண்ட காலம் புரோபியோனிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று அழைக்கப்பட்டு, 2016இல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர் மாற்றப்பட்டது அது. ஆக்சிஜன் குறைந்த, கொழுப்பு நிறைந்த இடத்தை விரும்பும் இந்த உயிரிக்கு அடைபட்ட மயிர்க்கால் சொந்த வீடுபோல அமைந்துவிடுகிறது. ஆனால் இதை வெளியிலிருந்து புகுந்த கிருமி என்று கருதிவிடக் கூடாது. பருவே இல்லாதவர்களின் தோலிலும் இது ஏறத்தாழ இதே அளவில் வாழ்கிறது. எந்த உட்பிரிவு மிகுந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இது சீபத்திலுள்ள கொழுப்பைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. உடலின் எதிர்ப்பு மண்டலத்தையும் தூண்டிவிடுகிறது. அழற்சிக்கு அறிகுறியான செல்கள் கண்ணுக்குத் தெரியாத ஆரம்பக் கட்டத்திலேயே மயிர்க்காலைச் சுற்றிக் குவிந்திருப்பதையும் பிற்கால ஆய்வுகள் கண்டறிந்தன. அதனால் 'முதலில் அடைப்பு, பிறகு கிருமி, பிறகு வீக்கம்' என்று பாடநூல்களில் இருந்த நேர்வரிசையை இப்போது யாரும் அத்தனை உறுதியாகச் சொல்வதில்லை. பரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதில் மட்டும் ஐயமில்லை.

அழற்சி மேலோட்டமாக இருக்கும்போது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான, சிவந்த அல்லது நம் மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாகத் தெரியும் மேடு உண்டாகிறது. மருத்துவத்தில் இதைப் பாப்யூல் என்பார்கள். அதன் உச்சியில் வெள்ளை அணுக்கள் குவிந்து சீழாகத் தெரிந்தால் அது பஸ்ட்யூல், அதாவது சீழ்ப்பரு. சீழைக் கண்டவுடன் பிதுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் நகத்தின் அழுத்தம் மேலே எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு கீழேயும் தள்ளுகிறது. ஏற்கெனவே நலிந்திருக்கும் மயிர்க்காலின் சுவர் அப்போது உள்ளுக்குள் கிழிகிறது. மூன்று நான்கு நாளில் தானே வற்றிவிடும் சீழ்ப்பரு, மூன்று வாரக் கட்டியாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். சிலருக்குப் பருவைவிடக் கிள்ளும் பழக்கமே பெரிய நோயாகிவிடுகிறது. முகத்தில் ஒரு பரு மீதமிராமல் நகக்கீறல் புண்கள் மட்டும் இருக்கும். அதற்குத் தோல் மருந்தோடு மனநல ஆலோசனையும் தேவைப்படும்.

சுவர் கிழிவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் முதுகில் நடப்பது அதுவே. மயிர்க்காலுக்குள் இருக்கும்வரை கெரட்டின், சீபம், முடித்துணுக்கு ஆகியவற்றை உடல் கண்டுகொள்வதில்லை. சுவர் உடைந்து அவை அடித்தோலுக்குள் கொட்டிவிட்டால், காலில் ஏறிய முள்ளை எதிர்ப்பதுபோல உடல் அவற்றை எதிர்க்கிறது. ஆழத்தில் கடினமான, வலியுள்ள கட்டி எழுகிறது, இது நாட்யூல். வெளியே சிறு மேடாகத் தெரிந்தாலும் விரலால் தொட்டால் அடியில் பட்டாணி அளவுக்கு உருளும். சில கட்டிகள் உள்ளே நெகிழ்ந்து, சீழும் ரத்தமும் கலந்த நீர்க்கட்டிபோல ஆகும். பேச்சுவழக்கில் இதைச் சிஸ்ட் என்கிறோம், ஆனால் உண்மையான சிஸ்டுக்குரிய உட்சுவர் இதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆழத்தில் நடக்கும் இந்தப் போரில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் அழிகிறது. அதனால் இவை ஆறும்போது தழும்பை விட்டுச்செல்வது மிகவும் சாத்தியம்.

இதிலும் கடுமையான இரண்டு வடிவங்கள் உண்டு. கட்டிகள் தோலுக்கடியில் ஒன்றோடொன்று சுரங்கம்போல இணைந்து, நாற்றமுள்ள நீர் கசியும் நிலைக்கு ஆக்னி காங்ளோபேட்டா என்று பெயர். திடீரென்று கட்டிகள் புண்ணாகி உடைந்து, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும் மிக அரிய நிலை ஆக்னி ஃபுல்மினன்ஸ். இது பெரும்பாலும் பதின்ம வயது ஆண்பிள்ளைகளுக்கு வருவது. முதுகில் பருவுள்ள பையனுக்குக் காரணமில்லாத காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தழும்பு என்று பலர் வருந்துவதில் பாதி தழும்பே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பரு ஆறிய இடத்தில் தட்டையாகத் தெரியும் கருந்திட்டு, அழற்சி தூண்டிவிட்ட மெலனின் நிறமி. நம்மைப் போன்ற கருமை, மாநிறத் தோலில் இது மிக எளிதாக வந்து மாதக்கணக்கில் தங்கும். வெயில் அதை ஆழமாக்கும். ஆனால் காலப்போக்கில் மங்கிவிடும். விரலால் தடவினால் பள்ளமாக உணரப்படுவதே தழும்பு. ஊசியால் குத்தியதுபோல ஆழ்ந்து குறுகியவை, விளிம்பு செங்குத்தாக இருக்கும் அகன்ற குழிகள், அலைபோல மேடுபள்ளமாகத் தெரிபவை என்று அவற்றில் மூன்று வகை. சிலருக்கு மார்பிலும் தோளிலும் தாடையோரத்திலும் பள்ளத்துக்கு மாறாகக் கீலாய்டு எனப்படும் தடித்த மேடு வளரும். கிரீம் பூசித் திட்டைப் போக்கலாம். குழியைப் போக்கக் கிரீமால் முடியாது.

இதுவரை சொன்னவை தானாகத் தோன்றும் பருவின் கட்டங்கள். அடைப்பை வெளியிலிருந்து நாமே ஏற்படுத்துவதும் உண்டு. உங்கள் மகளின் பொரிகள் நெற்றியிலும் தலைமுடி தொடங்கும் ஓரத்திலும் மட்டும் செறிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் படம் இது. வெயிலில் எண்ணெய் உருகி நெற்றிக்கு இறங்கி, நாள் முழுவதும் மயிர்க்கால்களின் வாயில் படிந்திருக்கிறது. தலைமுடிக்குப் பூசும் பொருள்களால் நெற்றியில் வரும் இந்த வகையை அமெரிக்காவில் பணியாற்றிய தோல் மருத்துவ ஆய்வாளர்களான பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மேன் ஆகியோர் 1970இல் பொமேடு ஆக்னி என்ற பெயரில் விவரித்தனர். எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தலைக்கு மட்டும் வைத்து அலசிவிடுவது முடிக்கும் போதுமானது, நெற்றிக்கும் நல்லது. கனமான ஃபவுண்டேஷன், கோல்டு கிரீம் போன்றவையும் கன்னத்திலும் தாடையிலும் இதே வேலையைச் செய்யும். ஹெல்மெட்டின் தாடைப்பட்டை, முகக்கவசம், தோளில் அழுத்தும் புத்தகப்பையின் வார் ஆகியவை உரசும் இடங்களில் மட்டும் பரு வந்தால் காரணம் அழுத்தமும் உராய்வும்.

மருந்தால் வரும் பருவுக்கு ஓர் அடையாளம் உண்டு: எல்லாம் ஒரே அளவில், ஒரே கட்டத்தில், ஒரே நாளில் அச்சு குத்தியதுபோல எழும்பியிருக்கும், காமெடோன்கள் அரிதாகவே இருக்கும். ஸ்டிராய்டு மாத்திரைகள், காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனயசிட், வலிப்புக்கான ஃபெனிடோயின், மனநோய்க்கான லித்தியம் ஆகியவை இப்படிச் செய்யக்கூடியவை. அதற்காக யாரும் காசநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நம் ஊரில் இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது முகத்தில் பூசும் ஸ்டிராய்டு கிரீம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்றவை அடங்கிய கிரீம்களை முகம் வெளுக்க என்றும் பருவுக்கு என்றும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள். முதல் வாரம் சிவப்பு மறைந்து முகம் பளிச்சென்று இருக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கி, நிறுத்தினால் எரிச்சலோடு பருக்கள் கொத்தாக வெடிக்கும். அதை அடக்க மீண்டும் அதே கிரீம். 2018இல் இந்திய அரசு இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கையிலுள்ள டியூபின் பின்பக்கத்தில் 'சோன்' என்று முடியும் பெயரோ குளோபெட்டசால் என்ற பெயரோ இருந்தால், அதை முகத்துக்குத் தொடரும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டயாக்சின் போன்ற குளோரின் சேர்ந்த நச்சுப்பொருள்களால் வரும் குளோராக்னி என்பது நம் அன்றாட வாழ்வில் இல்லாதது. 2004இல் உக்ரேன் அரசியல் தலைவர் விக்டர் யுஷ்செங்கோவின் முகம் சில வாரங்களில் உருக்குலைந்ததைச் செய்திப் படங்களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அது டயாக்சின் நஞ்சின் விளைவு. அதில் எண்ணெய்ச் சுரப்பி பெருப்பதற்கு மாறாகச் சுருங்கி, கெரட்டின் நிறைந்த பைகளாக மாறிவிடுகிறது.

இனி, பருவைப் போலத் தோன்றும் பிற. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவிலான சிறு மேடுகள் கூட்டமாக வந்து, அவை அரித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மலாசீசியா என்னும் பூஞ்சை. பரு வலிக்கும், உறுத்தும், அரிப்பது குறைவு. புழுக்கமான கடலோர ஊர்களில், வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றாமல் இருக்கும் இளைஞர்களிடம் இது சாதாரணம். பரு என்று நினைத்துக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாக்களை அழித்து இதை வளர்த்துவிடும். பூஞ்சைக்கான மருந்து கொடுத்தால் விரைவில் அடங்கும். நடுவயதில் மூக்கும் கன்னமும் சிவந்து, வெயிலிலும் காரமான உணவுக்கும் எரிந்து, இடையிடையே சீழ்ப்பரு வந்தால் அது ரோசேசியாவாக இருக்கலாம். அதில் காமெடோன் இருக்காது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்ப வரும் வலியுள்ள கட்டிகளை ஒரு காலத்தில் பருவின் இனத்திலேயே சேர்த்திருந்தார்கள்; ஹைட்ராடினைட்டிஸ் என்ற தனி நோயாக இப்போது பார்க்கிறோம், அதைச் சூட்டுக் கட்டி என்று வருடக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. ஐயம் வரும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எங்காவது ஒரு காமெடோன் இருக்கிறதா? முகம் முழுக்கத் தேடியும் ஒயிட்ஹெட்டோ பிளாக்ஹெட்டோ கிடைக்கவில்லை என்றால், அது பருவாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைகிறது.

வயதையும் கவனிக்க வேண்டும். 25 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தாடையிலும் கீழ்க்கன்னத்திலும் மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு ஆழமான பருக்கள் வருவது மிகவும் சாதாரணம். அதோடு மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போவதும், மேலுதட்டிலோ தாடையிலோ முடி தடித்து வளர்வதும் சேர்ந்தால் பிசிஓஎஸ் எனப்படும், சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அத்தகைய அறிகுறி எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. 15 வயதில் இப்போதைக்கு அந்தப் பரிசோதனைகள் தேவைப்படாது.

உணவைப் பற்றியும் கேட்டீர்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1200 பேரையும் பராகுவேயின் ஆச்சே பழங்குடியில் 115 பேரையும் பரிசோதித்தபோது ஒருவரிடமும் பரு காணப்படவில்லை. கிழங்கு, மீன், பழம் போன்றவற்றை உண்டு, சர்க்கரையும் மைதாவும் அரிதாகவே கண்ட மக்கள் அவர்கள். மரபும் காரணமாக இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும், ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு இன்சுலினையும், அதன் வழியாக ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகிறது. அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிறது. ஆகவே குளிர்பானமும் பேக்கரிப் பண்டமும் குறைந்தால் பலன் தெரியக்கூடும். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மாம்பழம், முட்டை, கோழி ஆகியவற்றைச் 'சூடு' என்று ஒதுக்குவதற்கு அத்தகைய ஆதாரம் இல்லை. உங்கள் மகன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான் என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன்: வே புரோட்டீன் மாவு சாப்பிடுகிறானா? அதைத் தொடங்கிய பின் முதுகில் பரு பெருகியதாகப் பல மருத்துவக் குறிப்புகள் உள்ளன. தசை வளர்க்க ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டால் அது ஆண்ட்ரோஜனே. பருவின் மூலவிசையை நேராக ஏற்றிவிடுவது. கோபப்படாமல் தனியாகக் கேட்டால் சொல்வான்.

மருந்துகள் எந்தக் கட்டத்தில் வேலை செய்கின்றன என்று தெரிந்தால் அவற்றின் வரிசை விளங்கிவிடும். அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ வழிவந்த பூச்சுகள் (ரெட்டினாய்டுகள்), செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து மைக்ரோகாமெடோனையே உருவாகவிடாமல் செய்கின்றன. எனவே பருவின் மேல் மட்டும் பொட்டுபோல வைப்பதில் பயனில்லை, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய பூச்சாகப் பட்டாணி அளவில் இரவில் தடவ வேண்டும். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் குறைக்கிறது; பாக்டீரியா அதற்குப் பழகிவிடுவதில்லை என்பது அதன் சிறப்பு, துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும் என்பது அதன் குறை. ஆன்டிபயாட்டிக்குகளைத் தனியாகவோ நீண்ட காலமோ எடுத்தால் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும் மாத்திரை ஐசோட்ரெட்டினாயின். 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது முதல் கடுமையான பருவுக்கு இதற்கு இணை வரவில்லை. ஆனால் கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் என்பதால் எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. ரத்தப் பரிசோதனைகளோடு மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டியது. பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகியவை இந்தக் கட்டங்களில் எதிலும் வேலை செய்வதில்லை. எரிச்சலால் கருந்திட்டைக் கூட்டுவது மட்டும் நிச்சயம்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்ய வேண்டியவை குறைவு: தலையெண்ணெயை நெற்றிக்கு வரவிடாமல் பார்ப்பது, மென்மையான ஃபேஸ்வாஷால் இரண்டு வேளை முகம் கழுவுவது, மருத்துவரிடம் கேட்டு ஒரு ரெட்டினாய்டு பூச்சைத் தொடங்குவது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் தோல் வறண்டு, பரு சற்றுக் கூடியதுபோலவும் தோன்றும். கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே உருவாகியிருந்தவை வெளிவருகின்றன என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் முன் மருந்தை மதிப்பிட வேண்டாம். அடைப்பு உருவாகி வெளியே வர அவ்வளவு காலம் பிடிக்கிறது அல்லவா. மகனின் விஷயம் அப்படிக் காத்திருக்கக் கூடியது அல்ல. அவனுடையவை ஆழக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஆறும்போது ஒரு குழியையோ கீலாய்டையோ விட்டுச்செல்லலாம், முதுகுத்தோல் கீலாய்டுக்குப் பெயர் போனது. கடைக் கிரீம்களை முயன்று பார்க்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவன் சாப்பிடும் புரோட்டீன் டப்பாவையும் வேறு மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.